லாக் பண்ணலாமா?

டிவி வினாடி வினா பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். மாட்டுங்காவிலிருந்து டோம்பிவிலி வரை கடிதங்கள் குவிந்துவிட்டன, முக்கால்வாசி ஹிந்தி டிவி நிகழ்ச்சியான 'கௌன் பனேகா கரோர்பதி' பற்றி. அது படமாகும் மும்பை கோரேகாவ் ஃபிலிம் சிட்டி லோக்கல் ரயில் தூரத்தில் இருக்கும்போது வேறெதைக் கேட்பார்கள்?

பதில்களுக்குப் போகுமுன் ஒன்று. தொகையும் லைஃப்லைனும் (விடை தெரியாதபோது கேட்டுப் பெறும் உதவி) பருவத்துக்குப் பருவம் மாறும். இங்கே போட்ட கணக்கெல்லாம் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்த 16 கேள்வி ஏணியை வைத்து: 1,000, 2,000, 3,000, 5,000, 10,000, 20,000, 40,000, 80,000, 1,60,000, 3,20,000, 6,40,000, 12,50,000, 25 லட்சம், 50 லட்சம், 1 கோடி, 7 கோடி. இதில் 10,000-மும் 3,20,000-மும் 'படாவ்'. அவற்றைத் தாண்டிவிட்டால், பிறகு தவறினாலும் அதற்குக் கீழே இறங்க மாட்டீர்கள்.

கேள்வி: 3,20,000 ஜெயித்த ஒருவர், அடுத்த கேள்வியில் சந்தேகம் வந்ததும் 'க்விட்' என்று சொல்லி எழுந்துவிட்டார். கையில் வந்தது போதும் என்பது விவேகம்தானே? (வங்கி ஊழியர், செம்பூர்)

அந்த இடத்தில் அது விவேகம் இல்லை, கணக்குப் பிசகு. 3,20,000 படாவ் ஆயிற்றே. 11-வது கேள்வியில் தப்பாகச் சொன்னாலும் அதே தொகை, எழுந்து போனாலும் அதே தொகை. விலகியதால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு 'சி' என்று சொல்லியிருந்தால்கூட நாலில் ஒரு வாய்ப்பில் 6,40,000 கிடைத்திருக்கும். 10,000-க்கு அடுத்து வரும் 6-வது கேள்விக்கும் இதே கதைதான். இந்த இரண்டு இடங்களில் 'க்விட்' என்ற சொல்லே வாயில் வரக் கூடாது.

யோசித்து விலக வேண்டிய இடங்கள் வேறு. முதலாவது 10-வது கேள்வி. கையில் 1,60,000 இருக்கிறது. தவறினால் 10,000-க்கு விழுவீர்கள், சரியானால் 3,20,000. அதாவது 1,50,000-ஐப் பணயம் வைத்து 1,60,000-க்கு ஆடுகிறீர்கள். பதில் சரியாக இருக்க 48 சதவீத வாய்ப்பாவது இருந்தால்தான் கட்டுபடி ஆகும். ஆனால் அந்தப் படியை ஏறிவிட்டால் 11-வது கேள்வி இலவசம், அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மீதமிருக்கும் லைஃப்லைனைக் கொட்டித் தீர்க்கச் சரியான இடம் இதுதான். 25 லட்சத்துக்கு வேண்டும் என்று மூட்டை கட்டி வைத்துக்கொண்டு 10-வதில் கவிழ்பவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

12-வது கேள்வியில் 34 சதவீதம் நம்பிக்கை இருந்தாலே ஆடலாம், ஏனென்றால் இழப்பது 3,20,000, கிடைப்பது 6,10,000. அதற்கு மேலே போகப் போக இறுகும். 25 லட்சத்துக்கு 43, 50 லட்சத்துக்கு 47, ஒரு கோடிக்கு 48. 7 கோடிக் கேள்விக்குக் கணக்குப்படி 14 சதவீதம் போதும். ஆனால் இதெல்லாம் நூறு தடவை ஆடக்கூடியவருக்கான சராசரி, நீங்கள் அந்த நாற்காலியில் உட்காரப்போவது ஒரே ஒரு தடவை. மாதச் சம்பளக்காரர் 96,80,000 ரூபாயை 14 சதவீத நம்பிக்கையில் வைப்பது கணிதத்துக்குச் சரியாக இருக்கலாம், வீட்டுக்குச் சரியாக இருக்காது.

2022 பருவத்தில் 75 லட்சத்தில் மூன்றாவது படாவ் ஒன்று வந்து, உச்சத் தொகை ஏழரைக் கோடி ஆனபோது கணக்கே புரண்டுவிட்டது. 75 லட்சம் உறுதியானபின் ஒரு கோடிக் கேள்வியில் இழக்க ஒன்றுமில்லை. ஏழரைக் கோடிக்கு இழப்பது 25 லட்சம், கிடைப்பது ஆறரைக் கோடி. அங்கே வெறும் ஊகமே லாபம். ஆகவே தேர்வானதும் முதலில் கேட்க வேண்டியது: இந்தப் பருவத்தில் படாவ் எந்தெந்தத் தொகையில்?

கேள்வி: '48 சதவீத நம்பிக்கை' என்பதை நாற்காலியில் உட்கார்ந்து எப்படி அளப்பது? மனதுக்குள் மீட்டரா இருக்கிறது? (ஆசிரியை, முலுண்டு)

இருக்கிறது, ஆனால் பலருக்கும் அது ஆட்டோ மீட்டர் போலக் கூட்டியே காட்டும். சரிபார்க்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்தப் பொது அறிவுக் கேள்வியைப் பார்த்தாலும், விடையைத் திருப்பிப் பார்க்குமுன் உங்கள் பதிலையும் பக்கத்தில் 50, 70, 90, 100 என்று ஒரு எண்ணையும் எழுதுங்கள். 200 கேள்வி சேர்ந்ததும் 90 போட்டவற்றை மட்டும் தனியாக எண்ணுங்கள். பத்துக்கு ஏழுதான் சரியென்றால், மேடையில் உங்கள் '90' என்பதன் உண்மையான விலை 70. '100' போட்டுத் தவறியவற்றை வட்டமிட்டு ஏன் தவறியது என்று ஒரு வரி எழுதுங்கள். கேள்வியைத் தப்பாகப் படித்ததா, பழைய தகவலா, ஒரே மாதிரிப் பெயரா? அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படிப்பது இன்னொரு பொது அறிவுப் புத்தகம் வாங்குவதைவிடப் பலன் தரும்.

கேள்வி: இரண்டு விடைக்கு நடுவே தவித்து 50-50 (தவறான விடைகளில் இரண்டை நீக்கும் லைஃப்லைன்) கேட்டால், கம்ப்யூட்டர் அதே இரண்டைத்தான் விட்டுவைக்கிறது. இது திட்டமிட்ட வேலையா? (கல்லூரி மாணவர், தாராவி)

விரல்விட்டுப் பார்ப்போம். உங்கள் சந்தேகம் பி-க்கும் டி-க்கும் நடுவே, சரியான விடை பி. கம்ப்யூட்டர் பி-யை விட்டுவைத்தே ஆக வேண்டும். அதோடு ஏ, சி, டி மூன்றில் ஏதோ ஒன்றையும் வைக்கும். குலுக்கல் முறையில் எடுத்தால் அது டி-யாக இருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு. மீதி இரண்டு பங்கு தடவை டி போய்விடும், உங்களுக்கு விடை கையில். ஆனால் போட்டியாளர் 'அட' என்று சிரித்து லாக் பண்ணியது (விடையை உறுதி செய்தது) நம் நினைவில் நிற்காது, தலையில் கை வைத்தது மட்டும் நிற்கும்.

இதிலிருந்து ஒரு உபாயம் கிடைக்கிறது. ஒன்றுமே தெரியாத கேள்வியில் 50-50 எடுத்தால் வாய்ப்பு 25-லிருந்து 50 சதவீதம் ஆகும், 25 புள்ளி ஏற்றம். சரியான விடை இந்த இரண்டில் ஒன்று என்ற உறுதி இருக்கும்போது எடுத்தால் 50-லிருந்து 83-க்கு, 33 புள்ளி. ஆக, தவிப்பவருக்குத்தான் அது அதிகம் உதவுகிறது. ஒரு எச்சரிக்கை: உங்கள் இரண்டு விடைகளையும் வாய்விட்டுச் சொல்ல எந்த அவசியமும் இல்லை. 'பி-யா டி-யா' என்று பத்து தடவை உச்சரித்தால், மீதி இரண்டையும் சரியாக யோசித்துப் பார்த்தோமா என்பதே மறந்துபோகும்.

கேள்வி: மூன்று கதவுப் புதிர் தெரியும்தானே? ஒரு கதவின் பின்னே பரிசு; நாம் ஒன்றைத் தேர்ந்ததும் நடத்துநர் வேறொரு காலிக் கதவைத் திறந்து காட்டுவார், அப்போது மீதிக் கதவுக்கு மாறுவது லாபம். அதன்படி, நான் மனதில் நினைத்த பி-யும் டி-யும் 50-50-க்குப் பிறகு மிஞ்சினால் டி-க்கு மாறிவிடுவது லாபம் என்கிறான் என் மகன். (முலுண்டு வாசகர்)

மகன் புத்திசாலி, ஆனால் புதிரின் முக்கியமான கண்ணியை விட்டுவிட்டார். அந்தப் புதிரில், நீங்கள் நின்ற கதவை நடத்துநர் திறக்கவே மாட்டார். தெரிந்தே வேறு காலிக் கதவைத் திறப்பார். இங்கே கம்ப்யூட்டருக்கு உங்கள் மனதில் பி இருப்பது தெரியாது, பி-யையே தூக்கியிருக்கலாம். 12 பேர் சும்மா பி என்று நினைக்கிறார்கள் என்று வையுங்கள். 3 பேருக்கு பி சரி, அவர்களுக்கு பி கட்டாயம் நிற்கும். 9 பேருக்கு பி தவறு, அதில் 3 பேருக்குத்தான் பி மிஞ்சும். பி நின்ற 6 பேரில் 3 பேருக்குச் சரி. சரிபாதி. மாறினாலும் மாறாவிட்டாலும் ஒன்றே. மனதில் இருந்தது வெறும் ஊகமாக இல்லாமல் ஏதோ காரணத்தோடு வந்ததென்றால் மாறவே கூடாது.

கேள்வி: ஆடியன்ஸ் போலை, அதாவது அரங்கில் இருப்பவர்களின் வாக்கெடுப்பை, எவ்வளவு நம்பலாம்? அவர்களும் நம்மைப் போலத்தானே? (இல்லத்தரசி, சயான் கோலிவாடா)

நம்மைப் போல இருப்பதுதான் அதன் பலம். அரங்கில் 100 பேர், 20 பேருக்குத்தான் விடை தெரியும், மீதி 80 பேர் குருட்டாம்போக்கில் அழுத்துகிறார்கள் என்று வையுங்கள். 80 பேர் நாலு விடைக்கும் 20, 20 ஆகச் சிதறுவார்கள். தெரிந்த 20 பேர் ஒரே இடத்தில் விழுவார்கள். திரையில் 40, 20, 20, 20. ஐந்தில் ஒருவருக்கே தெரிந்தும் விடை மேலே மிதந்து வந்துவிட்டது. '40 சதவீதம்தானே' என்று அதைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது முதல் எண்ணின் உயரத்தை இல்லை, மீதி மூன்றும் சமமாகச் சிதறியிருக்கிறதா என்பதை.

தெரியாதவர்கள் சிதறாமல் ஒரே பொறியில் விழும் கேள்விகளில்தான் ஆபத்து. ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது? 30 பேருக்குக் கான்பெரா என்று தெரியும். மீதி 70-ல் 49 பேர் 'சிட்னி' என்று அழுத்தி, மற்ற 21 பேர் மூன்று விடைக்கும் ஏழேழாகப் பிரிந்தால், சிட்னி 49, கான்பெரா 37, மெல்போர்ன் 7, பெர்த் 7. இரண்டு கம்பம் உயர்ந்து, இரண்டு தரையோடு கிடக்கும் படம் வந்தால் பொறி இருக்கிறது என்று வாசியுங்கள். அப்போது பிரபலமான பெயரைவிட, 'இதை ஏன் 37 பேர் அழுத்தினார்கள்' என்று இரண்டாவதைப் பற்றி யோசிப்பது நல்லது.

இன்னொன்று. இது மும்பை அரங்கு. சினிமா, கிரிக்கெட், சமையல், சீரியல், வட இந்தியப் பண்டிகை என்றால் அவர்களைக் கேளுங்கள். பல்லவர் தலைநகர் என்றால் உங்களைவிட அவர்களுக்குக் குறைவாகத்தான் தெரியும். ஆடியன்ஸ் போல், 50-50 இரண்டும் கையில் இருந்தால் வாக்கெடுப்பு முதலில். முடிவு தெளிவாக வந்தால் 50-50 மிச்சம்.

கேள்வி: போன் அ ஃப்ரெண்டுக்கு என் அண்ணனை வைக்கலாம் என்றிருக்கிறேன். எப்படித் தயார் செய்வது? (டோம்பிவிலி)

அண்ணன் என்பதற்காக வைக்காதீர்கள். பாசத்துக்கும் பொது அறிவுக்கும் சம்பந்தமில்லை. உங்களுக்கு எது பலவீனமோ அதில் பலமானவரை வையுங்கள். இருப்பது 30 விநாடி. 'அண்ணா, நல்லா இருக்கியா' என்று தொடங்கினால் அதில் நாலு விநாடி போச்சு.

வீட்டில் கைபேசி டைமரை வைத்துப் பத்து நாள் ஒத்திகை பாருங்கள். கேள்வியை முழு வாக்கியமாகப் படிக்காமல் சாரத்தை மட்டும் சொல்ல வேண்டும்: 'நிகோபார் தீவை 1868-ல் ஆங்கிலேயருக்கு விற்ற நாடு. பெல்ஜியம், இத்தாலி, டென்மார்க், பிரான்ஸ்.' நிதானமாகச் சொன்னாலும் 12 விநாடிக்குள் முடியும். அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டியது இரண்டே சொல்: விடையும் எண்ணும். 'டென்மார்க், 80.' தெரியாவிட்டால் உடனே 'தெரியாது'. மரியாதைக்காக ஏதோ ஒன்றைச் சொல்லும் நண்பர்தான் பெரிய ஆபத்து, அது உங்கள் சொந்த நினைவையும் கலைத்துவிடும். இதே ஆட்டத்தின் அமெரிக்கப் பதிப்பில் 1999 நவம்பரில் ஜான் கார்ப்பென்டர் கடைசிக் கேள்வியில் அப்பாவுக்குப் போன் போட்டார், உதவி கேட்க இல்லை, ஜெயிக்கப்போகிறேன் என்று சொல்ல! அந்தத் தைரியம் நமக்கு வேண்டாம்.

கேள்வி: மேலே சொன்ன நிகோபார் மாதிரிக் கேள்விக்குச் சுத்தமாக விடை தெரியாதபோது எப்படிக் கழித்துக்கொண்டே போவது? (இதே டோம்பிவிலி வாசகரின் இரண்டாவது கடிதத்தில் 'கழிக்கும் முறை' பற்றிக் கேட்டிருந்தார். அதே உதாரணத்தில் சேர்த்துவிட்டோம்.)

அது 2011-ல் பீகாரின் மோத்திஹாரியைச் சேர்ந்த சுஷில் குமார் ஐந்து கோடி வென்ற கேள்வி. 1868 அக்டோபர் 16 அன்று நிகோபார் உரிமையை ஆங்கிலேயருக்கு விற்று, இந்தியாவோடு தொடர்பை முடித்துக்கொண்ட காலனி நாடு எது?

தமிழர் ஒருவருக்கு இதில் நிகோபார் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. 'தொடர்பை முடித்துக்கொண்ட' என்ற சொல்லைப் பிடியுங்கள். பிரான்ஸ் 1954 வரை புதுச்சேரியில் இருந்தது. போயிற்று. பெல்ஜியம் தனி நாடானதே 1830-ல், இத்தாலி ஒன்றானது 1861-ல். இந்தியாவில் கோட்டை கட்டிக் குடியேற இவர்களுக்கு நேரம் எங்கே? மிஞ்சுவது டென்மார்க். தரங்கம்பாடிக் கடற்கரையில் நிற்கும் டேனிஷ் கோட்டை 1620-ல் வந்தது, 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். ஒரு சொத்தை விற்றவர்கள் இன்னொன்றையும் விற்பார்கள்தானே.

கேள்வியில் இருக்கும் வினைச்சொல்லும் ஆண்டும்தான் கத்தி. போட்டியாளர்கள் பெரும்பாலும் பெயர்ச்சொல்லையே, அதாவது 'நிகோபார்' என்பதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்து நேரத்தைக் கரைப்பார்கள்.

கேள்வி: மும்பையிலேயே பிறந்து வளர்ந்தவன், ஹிந்தி சரளம். ஆனாலும் கேள்வியைப் படித்ததும் ஏதோ ஒன்று இடறுகிறது. ஏன்? (ஆன்டாப் ஹில்)

நீங்கள் பேசுவது பம்பாய் ஹிந்தி, கேள்வி வருவது ஏட்டு ஹிந்தியில். ஏட்டு ஹிந்தியில் சம்ஸ்கிருதச் சொல் அதிகம், நமக்கும் சம்ஸ்கிருதச் சொல் தெரியும். வினையே அங்குதான் வருகிறது.

ஹிந்தியில் 'உபன்யாஸ்' என்றால் நாவல். நமக்கு உபந்நியாசம் கோவில் மண்டபத்தில் நடப்பது. 'சரித்ர' என்றால் கதாபாத்திரம் அல்லது நடத்தை, நமக்குச் சரித்திரம் வரலாறு. 'சேஷ்டா' அவர்களுக்கு முயற்சி, நமக்குச் சேட்டை. 'அவஸர்' வாய்ப்பு, நமக்கு அவசரம். 'ப்ரஸங்' சந்தர்ப்பம், நமக்குப் பிரசங்கம். 'ஸம்ஸார்' உலகம், நம் வீட்டில் அது மனைவி. 'சிக்ஷா' இருக்கிறதே, அது இரட்டைக் கண்ணி. ஹிந்தியில் கல்வி, மராத்தியில் தண்டனை. நம் பழைய சிட்சை மராத்திப் பக்கம்தான் நிற்கிறது. பள்ளியில் மராத்தி படித்து, வீட்டில் தமிழ் பேசி, ஹிந்திக் கேள்வியைச் சந்திக்கும் மும்பைத் தமிழருக்கு அரை விநாடி தடுமாற்றம் வரத்தான் செய்யும். 'இஸ் உபன்யாஸ் கே லேகக்' (இந்த நாவலின் ஆசிரியர்) என்று காதில் விழுந்ததும் மனம் பாகவதர் பெயரைத் தேட ஆரம்பித்தால் பதிலுக்குத் தரும் 45 விநாடியில் பத்து போய்விடும்.

அடுத்த இடறல் எண்களில். 29 உன்தீஸ், 39 உன்தாலீஸ், 49 உன்சாஸ், 59 உன்சட், 69 உன்ஹத்தர், 79 உன்யாசி. எல்லாம் அடுத்த பத்தில் ஒன்று குறைவு என்ற ஒரே அச்சு. உன்தாலீஸில் 'தாலீஸ்' கேட்டதும் நாற்பத்துச் சில்லறை என்று மனம் தாவும், உண்மையில் 39. ஆனால் 89 அச்சை மீறி நவாசி. அதனால் 79-உம் 89-உம் ஓசையில் நெருங்கிக் குழப்பும். ஆண்டு கேட்கும் கேள்விகளில் இந்தப் பத்து வருடப் பிசகு சகஜம். டேட் ஸௌ 150, டாயி ஹஸார் 2,500, பௌனே தோ ஸௌ 175. ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டுங்கள், குக்கர் விசில் வரும்வரை படிக்கலாம்.

மூன்றாவது, 'நஹீன்', அதாவது 'இல்லை'. 'இன்மே ஸே கௌன் ... நஹீன் ஹை' என்று வரும் கேள்வியில் அந்த ஒரு சொல்லைத் தவறவிட்டு, தெரிந்த விடையைச் சந்தோஷமாக லாக் பண்ணுவார்கள். திரையில் கேள்வி வந்ததும் முதலில் 'நஹீன்' இருக்கிறதா என்று கண் தேட வேண்டும். சமீபப் பருவங்களில் முதல் 5 கேள்விக்கு 45 விநாடி, அடுத்த 5-க்கு 60, பிறகு நேரக்கட்டு இல்லை. 45 விநாடியில் கேள்வியை இரண்டு முறை படிக்கத் தாராளமாக இடம் இருக்கிறது. இரண்டாவது முறை படிக்காமல் லாக் சொல்வதுதான் கீழ்ப்படிகளில் கவிழ்வதற்கு முதல் காரணம்.

கேள்வி: புராணக் கேள்வி எனக்கு அல்வா. அங்கே எந்தப் பயமும் இல்லையே? (ஓய்வுபெற்றவர், மாட்டுங்கா)

அல்வாவில்தான் பல் மாட்டும். நாம் படித்த புராணம் வேறு, கேட்கப்படும் புராணம் வேறு.

முருகன் நமக்குத் தம்பி, பிள்ளையார் அண்ணன். வடக்கே பெரும்பாலும் கார்த்திகேயர்தான் மூத்தவர். நமக்கு வள்ளி, தெய்வானை இருவர் உண்டு. மராட்டியத்தில் கேட்டால் அவர் பிரம்மச்சாரி. சேடா நகர் முருகன் கோவிலில் திருக்கல்யாணம் பார்த்துவிட்டு வந்தவர் அந்தக் கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு லாக் சொல்வார். இராமாயணத்தில் கம்பருக்கு ஆறு காண்டம், வால்மீகிக்கு உத்தர காண்டத்தோடு ஏழு. துளசிதாசர் ஆறாவதை லங்கா காண்டம் என்பார், மற்றவர்களுக்கு அது யுத்த காண்டம். இராவணன் சீதையைப் பர்ணசாலையோடு, நிலத்தோடு பெயர்த்தெடுத்தது கம்பரில். இலட்சுமணன் கோடு கிழித்த கதை வால்மீகியில் இல்லை. 'வால்மீகி ராமாயண் கே அனுஸார்' (வால்மீகி ராமாயணத்தின்படி) என்று கேள்வியில் ஒரு வால் இருக்கும், அந்த வாலைப் படியுங்கள்.

மாதக் கணக்கும் அப்படியே. தீபாவளி எந்த மாத அமாவாசை? நமக்கு ஐப்பசி. பக்கத்து வீட்டு மராத்திக்காரருக்கு ஆஸ்வின் அமாவாசை. உத்தரப் பிரதேசத்துக்காரருக்குக் கார்த்திக் அமாவாசை. மூவரும் சரி. மராத்தி மாதம் அமாவாசையில் முடியும், வட இந்திய மாதம் பௌர்ணமியில் முடியும், நம்முடையது சூரியக் கணக்கு. இப்படிப்பட்ட கேள்வியில் எந்த நாள்காட்டி என்று தெரியாமல் 100 சதவீதம் போடாதீர்கள்.

அரசியல் சட்டத்தையும் ஒரு கை பாருங்கள். முதல் கோடீஸ்வரர் ஹர்ஷவர்தன் நவாதே 2000-ல் வென்ற கேள்வியே நாடாளுமன்ற நடவடிக்கைகளில் பங்கேற்க அரசியல் சட்டம் யாருக்கு அனுமதி தருகிறது என்பதுதான். விடை அட்டர்னி ஜெனரல்.

கேள்வி: ஃபாஸ்டஸ்ட் ஃபிங்கரில் (நாலு விடையை முதலில் வரிசைப்படுத்துபவர் நாற்காலிக்குப் போகும் சுற்று) வேகம் வருவது எப்படி? (அந்தேரி)

வேகம் விரலில் இல்லை, கேள்வியின் திசையைப் பிடிப்பதில் இருக்கிறது. விடைகள் திரையில் வருமுன், 'தெற்கிலிருந்து வடக்கே', 'பழையதிலிருந்து புதியது' என்ற திசையை மனதில் குத்திக்கொள்ள வேண்டும். விடை தெரிந்தும் தலைகீழாக அழுத்தி வெளியேறுபவர் அநேகம்.

நாலையும் வரிசைப்படுத்தப் பார்க்காமல் இரண்டு ஓரத்தையும் முதலில் பிடியுங்கள். தெற்கிலிருந்து வடக்கே: ஏ அந்தேரி, பி போரிவலி, சி தாதர், டி சர்ச்கேட். டி முதலில், பி கடைசியில் என்று கண் பட்டதும் தெரியும், நடுவில் இரண்டே மிச்சம்: டி, சி, ஏ, பி. நாலு பொருளை 24 விதமாக அடுக்கலாம். ஓரம் இரண்டும் உறுதியானால் மிஞ்சுவது இரண்டே விதம், நடுவில் ஊகித்தாலும் பாதி வாய்ப்பு. பிரதமர்களும் அதே வித்தைதான்: சாஸ்திரி 1964, மொரார்ஜி 1977, வி.பி. சிங் 1989, வாஜ்பாய் 1996. அழுத்திய பிறகு திருத்தலாம் என்ற நினைப்பே வேண்டாம். 2021 பருவத்தில் ஒன்றுக்குப் பதிலாக மூன்று கேள்வி வைத்தார்கள், அப்போது ஒன்றில் தாமதித்தாலும் ஈடுகட்ட இடம் இருந்தது.

கேள்வி: டபுள் டிப்? (ஒரு வரியில் கேட்டவர் காட்கோபர்)

இந்த லைஃப்லைனில் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்லலாம், ஆனால் எடுத்துவிட்டால் விலக முடியாது. விடை இந்த இரண்டில் ஒன்று என்ற உறுதி இருக்கும்போது எடுத்தால் அது தங்கம். நாலும் தெரியாதபோது எடுத்தால் பாதி வாய்ப்பில் படாவுக்கு விழுவீர்கள்.

கேள்வி: அமெரிக்க 'ஜெப்பர்டி' பார்க்கிறேன். கடைசிச் சுற்றில் முன்னணியில் இருப்பவர் விசித்திரமாக 6,001 டாலர் என்றெல்லாம் பந்தயம் வைக்கிறார். அந்த ஒரு டாலர் எதற்கு? (பொறியாளர், போரிவலி)

அந்த ஒரு டாலர்தான் ஆட்டம். முதல்வரிடம் 12,000, இரண்டாமவரிடம் 9,000, மூன்றாமவரிடம் 2,000 என்று வையுங்கள். இரண்டாமவர் எல்லாவற்றையும் வைத்து ஜெயித்தால் 18,000. அதை ஒன்று மிஞ்ச முதல்வருக்கு வேண்டியது 6,001. தவறினால் அவரிடம் 5,999 இருக்கும்.

இரண்டாமவர் இதை முன்கூட்டியே கணிக்க முடியும், பலர் கணிப்பதில்லை. அவர் 3,000-க்கு மேல் வைக்காவிட்டால், தவறினாலும் குறைந்தது 6,000 மிஞ்சும். முதல்வரும் தவறினால் ஒரு டாலர் வித்தியாசத்தில் இவர் ஜெயிப்பார். 9,000-ஐயும் வைத்துத் தவறினால் பூஜ்யம். 'எல்லாம் வைத்தேன்' என்பது வீரமாகத் தெரியும், கணக்கில் அது முதல்வருக்குக் கொடுத்த பரிசு.

கேள்வி: வரி போக எவ்வளவு மிஞ்சும்? (ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் வாசகியே கேட்டிருக்கிறார், செம்பூர்)

அப்படியானால் உங்களுக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். பரிசுத் தொகைக்கு 30 சதவீதத் தட்டை வரி. வருமான வரி விலக்கு வரம்பு, எல்.ஐ.சி. கழிவு, போக்குவரத்துச் செலவு எதுவும் செல்லாது. 3,20,000-க்கு 96,000 பிடித்துக்கொண்டு 2,24,000 தருவார்கள். பலர் கதை முடிந்தது என்று நினைப்பது இங்கேதான். அந்த வரியின்மேல் 4 சதவீத செஸ், அதாவது 3,840, ரிட்டர்ன் போடும்போது நீங்கள் கட்ட வேண்டும். ஒரு கோடி என்றால், வேறு வருமானமே இல்லாவிட்டாலும் வரியின்மேல் 10 சதவீத சர்சார்ஜும் (கூடுதல் வரி) சேரும்: 30 லட்சம், மேலே 3 லட்சம், அதன்மேல் செஸ் 1,32,000, மொத்தம் 34,32,000. பிடித்தது 30 லட்சம்தான். மீதி 4,32,000-ஐத் தனியாக எடுத்து வைக்காமல் வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டால் திண்டாட்டம். கார் போலப் பொருளாகப் பரிசு வந்தால் அதன் மதிப்புக்கு வரி கட்டிய பிறகே சாவி கைக்கு வரும்.

கேள்வி: '25 லட்சம் லாட்டரி விழுந்திருக்கிறது' என்று நிகழ்ச்சியின் பெயரிலேயே வாட்ஸ்அப் வந்தது. குரல் பதிவும் இருக்கிறது. உண்மையாக இருக்குமா? (தாராவி 90 அடி சாலை)

மோசடி. அந்த நிகழ்ச்சி லாட்டரி எதுவும் நடத்துவதில்லை. கேள்விக்குப் பதில் அனுப்பி, தேர்வுகளைக் கடந்து, நாற்காலியில் உட்காராமல் ஒரு ரூபாயும் வராது. இந்தச் செய்திகள் பல +92 என்று தொடங்கும் எண்ணிலிருந்து வரும். முதலில் ஃபைல் கட்டணம், பிறகு ஜி.எஸ்.டி., பிறகு வங்கிக் கட்டணம் என்று படிப்படியாகக் கேட்பார்கள். பணம் அனுப்பியிருந்தால் இந்த இதழை மூடிவிட்டு இப்போதே 1930-க்கு அழையுங்கள், அப்படியே உங்கள் வங்கிக்கும். செய்தியை அழிக்காதீர்கள், எண்ணோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.